நார்த்தாமலையில் காணாமல் போன பொட்டு

காலை ஆறரைக்குக் கீரனூரில் பஸ் ஏறினேன். நார்த்தாமலை விலக்குக்குப் பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வயலும் பனையும் பனியில் மிதந்தன. கையில் புது செல்போன். போர்ட்ரைட் மோடில் பின்னணி மங்கிக் கரைவதைப் பார்த்தால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். விலக்கில் இறங்கி நடந்த வழியில் அரளிப்பூ, நாய், மைல்கல் என எதையும் விடவில்லை.

மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் மஞ்சள் சேலையில் ஓர் இளம்பெண். மடியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பெண் குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தன்னையும் குழந்தையையும் சேர்த்துப் படம் எடுப்பாள், பார்ப்பாள், முகம் வாடும். மை டப்பாவைத் திறந்து பொட்டை இன்னும் அழுத்தி வைப்பாள். மறுபடியும் படம்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன். வைக்க வைக்கப் பொட்டு போட்டோவுல காணாமப் போகுது. சாமி குத்தமா இருக்குமோ?"

பெயர் செல்வி. புருஷன் துபாயில். மகளை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

"அவுக வேலைக்கு வண்டியேறுறதுக்குள்ள அனுப்பணும்க்கா. ரூம்ல எல்லாரும் பாப்பாக. பொட்டு இல்லாட்டி கண்ணு பட்டுருமே!"

வாங்கிப் பார்த்தேன். முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி மோடு உச்சத்தில் இருந்தது. பொட்டைப் பரு என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அதற்கு எங்கே தெரியும்! அதை அணைத்துவிட்டு இருவரையும் எடுத்துக் கொடுத்தேன்.

"வந்துருச்சு!" என்று சிரித்தவள், தன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒட்டிய கன்னம்.

"புள்ளைக்கு அடிக்கடி இளைப்பு வரும்க்கா. எனக்குத் தூக்கமே கெடையாது. இந்த மொகத்தப் பாத்தா அவுக அங்கிட்டுத் தவிச்சுப் போவாக. அதான் எப்பவும் அழகாக்கித்தான் அனுப்புவேன்."

"புள்ளைய மட்டும் எடுக்கவா?"

"ரெண்டு பேரும் சேந்து வேணும்னு கேட்டாகளே." சற்று நேரம் யோசித்தாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

புருஷனிடமிருந்து பதில் குரலாக வந்தது. எனக்கும் கேட்கும்படி அதைச் சத்தமாகவே போட்டாள்.

"பொட்டு நல்லாருக்கு, ஆத்தா. நீ ஏன் ஒம் மொகத்த இத்தன நாளா எங்கிட்டக் காட்டல?"

செல்வி அழுதாள். அவளைத் தனியே விட்டு, தாழ்ந்திருந்த ஒரு வேப்பங்கொத்தைப் படம் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

திரும்பும் பஸ்ஸில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். வேப்பிலை துல்லியமாக இருந்தது. அதன் பின்னே மங்கலில் ஒரு மஞ்சள் உருவம், மடியில் குழந்தையோடு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலை மறுபடியும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் எடுத்தவற்றில் அதை மட்டும்தான் வைத்துக்கொண்டேன்.