கேமராவுக்கு வைத்த பொட்டு

முதல் நாளே, சாக்கடைக் குழாய்க்குள் விடுகிற கேமராவின் கண்ணில் பொட்டு வைத்துவிட்டேன். திண்டிவனத்தில் நாங்கள் பார்த்த முதல் குழாய் முழுக்க ஒரே சிவப்பாகத் தெரிந்தது.

என் மருமகன் ஏழுமலை மானிட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அவன் என் அண்ணன் மகன்தான், அதனால் வா, போ என்றுதான் பேசுவேன்.

"அத்த, பைப்புக்குள்ள இன்னா இவ்ளோ செவப்பா இருக்குது? ஒண்ணும் புரியலயே."

"புது மிஷினாச்சேன்னு சந்தனம் குங்குமம் வச்சேன்பா."

"எங்க வச்சீங்க?"

"மூஞ்சிலதான். பொட்ட வேற எங்கப்பா வைப்பாங்க?"

அந்த வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேமராவை வெளியே இழுத்து, என் முந்தானையால் துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டோம்.

அதற்கு முன்னால் நான் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தேன். முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஏழுமலை, "வந்து கேபிள் விடுங்க அத்த, உக்காந்துக்கினே செய்யலாம்" என்று கூப்பிட்டான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். "ஆயா கத மாதிரி இழுக்காதம்மா" என்று நடுவில் திட்டு வேறு. ஆனால் படம் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேமரா என் கட்டைவிரல் அளவுதான். சுற்றிலும் குட்டி குட்டி லைட்டு, பின்னால் விறைப்பான நீளக் கேபிள். நான் கேபிளைத் தள்ளத் தள்ள அது பூமிக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒரு தவளை லைட்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. மனுஷன் யாரும் சாக்கடைக்குள் இறங்க வேண்டாம், அது போய்ப் பார்த்துவிட்டு வரும். அதற்காகவே தினமும் அதற்கு ஒரு முத்தம் கொடுக்கலாம். போய்வருகிற இடம் அப்படி இருப்பதால் கொடுப்பதில்லை.

சரி, விழுப்புரத்து வேப்பமரத்துக்கு வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டியிருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி மகேஸ்வரி, தம்பி பெண்டாட்டி தேவகி. மகேஸ்வரி வீட்டுப் பாத்ரூமில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் அரை மக் திரும்பி வந்தது. முன்னால் வந்த பிளம்பர் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டு வேப்பமரத்து வேர் பூந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மரம் தேவகி வீட்டுச் சுவர் ஓரம் நின்றது. அன்றிலிருந்து ஓரகத்திகள் இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை.

நாங்கள் போனபோது மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஜல்தியா பாத்து சொல்லுங்க ஆயா. வேர் இருந்தா இன்னிக்கே வெட்டிட்லாம், ஆளு ரெடி" என்றாள் மகேஸ்வரி.

சுவருக்கு அந்தப் பக்கம் தேவகி மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மரத்தில் மஞ்சள் துணி புதிதாகக் கட்டியிருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. "வேர் இருந்தா வெட்டிக்கட்டும் ஆயா. நான் ஒத்துக்கினேன். ஆனா என் கண்ணால பாக்கணும்" என்றாள்.

மெஷினை இறக்கும்போது மகேஸ்வரியின் வாசலைப் பார்த்தேன். கார் நிறுத்துகிற சிமெண்ட் தரை பூராவும் கோலம்! கால் வைக்க மனசு வரவில்லை.

"யாரும்மா போட்டது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் ஆயா. மார்கழில எங்க தெருவுல ஃபர்ஸ்ட் ப்ரைஸ் எனக்குத்தான்."

"கலரு போடலியா?"

"கலரு போடறவங்க சொவத்துக்கு அந்தாண்ட இருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்பக்கச் சேம்பரின், அதான் சாக்கடைத் தொட்டியின், மூடியைத் திறந்து தெருப் பக்கமாகக் கேமராவை விட்டோம். தேவகியும் சுற்றிக்கொண்டு வந்து தள்ளி நின்றாள். குழாயில் பாதி அளவுக்குத் தண்ணீர் நின்றது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஜாயிண்டில் முடி மாதிரி மெல்லிசாக வேர் தொங்கியது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று மகேஸ்வரி கத்தினாள். மரம் வெட்டுகிறவர் எழுந்து போய் மரத்தைச் சுற்றிக் கயிறு போட ஆரம்பித்தார்.

நான் கேபிளை இழுக்கப் பார்த்தேன்.

"இழுக்காதீங்க அத்த, இன்னும் விடுங்க" என்றான் ஏழுமலை.

"அதான் வேர் தெரியுதே. இன்னும் இன்னாத்தப் பாக்கறது?"

"அடைப்பு இந்த வேர்னா, இதத் தாண்டி பைப்பு காலியா இருக்கணும்ல? தண்ணி அந்தாண்டயும் நிக்குது பாருங்க."

அது எனக்கு உறைக்கவே இல்லை. தள்ளினேன். கேமரா வேரை ஒதுக்கிக்கொண்டு போனது, கலங்கல் தண்ணீரில் முங்கியது, வாசலுக்குக் கீழே வந்ததும் எதிலோ மோதி நின்றுவிட்டது. கேமராவை எடுத்துவிட்டு, தெருப் பக்கத்துச் சேம்பரிலிருந்து ஏழுமலை வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற ஜெட்டை விட்டான். கொஞ்சம் உடைந்தது. நின்ற தண்ணீர் கடகடவென்று வடிந்தது. மறுபடியும் கேமராவை விட்டோம்.

மானிட்டரில் வெள்ளைப் பாறை மாதிரி ஏதோ தெரிந்தது. அதில் சிவப்பாக ஒரு வரி, பச்சையாக ஒரு வரி, நீலமாக ஒரு வரி.

ஏழுமலை மெதுவாக என் பக்கம் திரும்பினான். "அத்த, மறுபடியும் கண்ணுல பொட்டு வச்சீங்களா?"

"சத்தியமா இல்லப்பா! காதாண்டதான் வச்சேன்!"

தேவகிதான் மானிட்டருக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "யக்கா... இந்த நீலம் மயில் கழுத்து கலரு. நாம ரெண்டு பேரும் கலந்தது."

கோலமாவு இப்போதெல்லாம் கல்லுமாவுதானே. மகேஸ்வரி தினமும் காலையில் பழைய கோலத்தை ஓஸ் போட்டுக் கழுவிவிடுவாள். வாசல் தரையில் தண்ணீர் வடிய இருந்த ஓட்டை நேராக இந்தக் குழாயில்தான் சேர்ந்தது. ஒவ்வொரு மார்கழியும் உள்ளே போய் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரும் சேர்ந்து கல்லாக இறுகிப்போயிருந்தது.

"நானா?" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள் மகேஸ்வரி.

மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. "யக்கா, கயித்த இறுக்கவா, அவுக்கவா?"

"அவுருய்யா! அவுத்துட்டு வந்து டீ குடி!"

ஏழுமலை ஜெட்டை முழுசாக விட்டான். தெருச் சேம்பரில் ரோஸ் கலரும் நீலமுமாகத் தண்ணீர் ஓடியது.

"ஃபர்ஸ்ட் ப்ரைஸ் போவுது பாருக்கா" என்றாள் தேவகி.

"அடி வாங்கப் போற" என்று மகேஸ்வரி அவள் தோளில் ஒன்று வைத்தாள். வைத்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து தேவகி வீட்டுப் பக்கம், மரத்தடிக்குப் போனாள். கயிறு உரசியதில் மரத்தின் மஞ்சள் துணி கீழே நழுவியிருந்தது. அதைத் தூக்கி, உதறி, தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள்.

ஏழுமலை அந்த வேரை நறுக்கி ஜாயிண்டைப் புதிதாகப் போட்டான். வாசல் ஓட்டையை அடைத்தான். கழுவுகிறதுக்கு முன்னால் மாவை முறத்தில் கூட்டி அள்ளச் சொன்னோம். பொங்கலன்று அவன் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. வாசல் முழுக்க மயில், எல்லாக் கலரிலும். ஓரத்தில் ஒரு முறம் தயாராக இருந்தது.

அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்களே, முதலில் தெரிகிற வேரோடு கேபிளை நிறுத்திவிடாதீர்கள். அதைத் தாண்டியும் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மெஷினுக்குப் பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்ணை விட்டுவிட்டு வையுங்கள்.