மலைக்கு முன்னால் ஒரு கோல்ஃப் மட்டை

மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தபோது நான் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் சாய்த்து வைத்தேன்.

"ம்மா, பொங்கலுக்கு அப்புறம் எங்க ஆபீஸ்ல கோல்ஃப் போட்டி வெக்கிறாங்க. ஆபீஸ்ல வேலை செய்யறவங்க ஒருத்தர், அவங்க வீட்டு ஆளு ஒருத்தர்னு ஜோடி சேரணும். உன் பேரக் குடுத்துட்டேன்."

"உங்கப்பா பேரக் குடுத்திருப்பே. நல்லா பாத்துச் சொல்லு."

"இல்லம்மா. உன் பேருதான்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பெண் பிறந்ததிலிருந்தே அப்பா பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொன்னால் அவரைத்தான் கூட்டிப்போவாள். கல்லூரியில் சேரப் போனபோதும் அவர்தான் கூடப் போனார். என்னைக் கூட்டிப்போனால் நான் யாரிடமாவது சண்டை பிடித்துவிடுவேன் என்று பயம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், குரலும் கம்மி கிடையாது. திருவண்ணாமலை வேங்கிக்காலில் நான் சூப்பிரண்டாக இருக்கும் ஆபீஸில், என் குரல் மாடிப்படியில் கேட்டாலே டீ குடிக்கப் போனவர்கள் சீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குக் கூச்சம். அது எனக்குத் தெரியும், வலிக்கவும் செய்தது. ஆனால் வாய் திறந்து கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் தன் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க என்னைக் கூப்பிடுகிறாள்.

"ஜெயிக்கணும்னுலாம் இல்லம்மா. மொதல் பந்த வீட்டு ஆளுதான் அடிக்கணும், எல்லாரும் சுத்தி நின்னு பாப்பாங்க. அது மட்டும் ஒழுங்கா போச்சுன்னா போதும்."

அவ்வளவுதான். அந்த ஒரு பந்து ஒழுங்காகப் போக வேண்டும். அம்மா பேரைக் கொடுத்தது தப்பு என்று அவள் ஒரு நொடிகூட நினைத்துவிடக் கூடாது. ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

ஆயுத பூஜை லீவுக்கு வந்தபோது ஒரு பழைய மட்டையும் ஒரு பை நிறையப் பந்துகளும் கொண்டுவந்தாள். நீளமான இரும்புத் தடி, நுனியில் மடங்கின தகடு. பூஜையில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அதையும் சாத்தி வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மறுநாள் மொட்டைமாடியில் பாடம் ஆரம்பமானது. பந்து போக வேண்டிய பக்கம் இடது தோள் இருக்கும்படி நின்று, தோளைத் திருப்பி மட்டையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், அதே வழியில் இறக்கி வீச வேண்டும். அதற்குப் பெயர் ஸ்விங். ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் அப்படியே வர வேண்டும். "அடிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணு பந்து மேலயே இருக்கணும்மா. தலையத் தூக்கிட்டா எல்லாம் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

எங்கள் தெருவில் காலி மனைகளுக்குப் பஞ்சமில்லை. முதல் நாளே பந்து எதிர்வீட்டுக் காம்பவுண்டில் பட்டுத் திரும்பி எங்கள் வீட்டுத் துளசி மாடத்தில் வந்து விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என் கையில் இருந்த தடியைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வா, நம்ம கொல்லிக்கே போயிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அடி அண்ணாமலையில் அவர் பங்கு நிலம் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்துச் சும்மா கிடந்தது. காலையில் ஆபீஸுக்கு முன்னால் ஸ்கூட்டரில் கிளம்புவோம். அவர் ஓட்ட, நான் பின்னால் மட்டையும் டீ பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் செருப்பை வரப்பில் விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் ஓடிவந்தார்.

"இந்தா, எந்தப் பக்கம் அடிக்கிறே? மலையப் பாத்தா அடிப்பாங்க?"

திரும்பிப் பார்த்தால், சரியாக மலையை நோக்கித்தான் பந்தை வைத்திருந்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு வேறு பக்கமாகத் திரும்பினேன். அப்போது மலைக்கு முதுகு காட்டியபடி நிற்க வேண்டியிருந்தது. அதுவும் சரிப்படவில்லை, முதுகு கூசியது. அவர் கொஞ்ச நேரம் கையை ஆட்டி ஆட்டி யோசித்துவிட்டு வழி சொன்னார். கிரிவலம் போகும்போது மலை நமக்கு வலது கைப்பக்கம் இருக்கும் இல்லையா, பந்தும் அப்படியே போகட்டும். "பந்து பாட்டுக்கு வலம் வரட்டும். புண்ணியம் உனக்கு." அப்படி நின்று பார்த்தேன். மலை என் நெஞ்சுக்கு நேர் எதிரே, கண் முன்னால் இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

பந்துதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று விர்ரென்று கிளம்பிப் பக்கத்துக் கொல்லியையே தாண்டும். நான் தலைகால் புரியாமல் குதிப்பேன். அடுத்தது தட்டிவிட்ட தக்காளி மாதிரி உருண்டு வரப்பில் முட்டி நிற்கும். அதற்கு அடுத்தது இருந்த இடத்திலேயே இருக்கும், மண் மட்டும் பறக்கும். அதே ஆள், அதே மட்டை, அதே கொல்லி. ஆபீஸில் ஒரு தப்பு நடந்தால் எங்கே ஆரம்பித்தது என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவேன். இதில் பிடி கிடைக்கவில்லை. பந்தைத் திட்டினேன், மட்டையைத் திட்டினேன், வேறு ஆள் இல்லாததால் வீட்டுக்காரரையும் திட்டினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே "ஆமா, என் தப்புதான்" என்பார். அந்த மனுஷனிடம் சண்டை போட்டு எனக்கு என்றைக்குமே திருப்தி கிடைத்ததில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. வீட்டில் ஒட்டடைக் குச்சி, ஆபீஸ் வராந்தாவில் குடை என்று கையில் எது அகப்பட்டாலும் வீசிப் பார்த்தேன். குடையோடு என்னைப் பார்த்த டைப்பிஸ்ட் பெண் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்திருப்பாள். எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி. இந்த வயசில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதற்கு, அதுவும் இவ்வளவு மோசமாகக் கற்றுக்கொள்வதற்கு, எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறதே என்று சிரிப்பு வந்தது.

பௌர்ணமி அன்றைக்கு விடிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. எங்கள் கொல்லியை ஒட்டித்தான் கிரிவலப் பாதை. வெறுங்காலோடு நடந்து களைத்துப்போன பெண்கள் சிலர் வேலியோரம் நின்றுவிட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மலையைப் பார்த்து நின்று, ஒருத்தி ஓயாமல் ஒரு தடியை வீசுகிறாளே.

"வேண்டுதலாம்மா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "ஆமாங்க, பொண்ணுக்காக" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா வேலி இடுக்கில் நுழைந்து வந்து, மடியிலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் பூசினார். "நடக்கும்மா, கவலப்படாத" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்காரரை முறைக்கக்கூட முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

கார்த்திகை தீபத்துக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கியதில் பயிற்சி நின்றது. மறுபடி கொல்லிக்குப் போனபோது மார்கழி பிறந்திருந்தது. அன்றைக்கு அப்படி ஒரு பனி. எதிரே இருந்த பனைமரம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. குளிரில் கை விறைக்க, சும்மா ஒன்று அடிப்போம் என்று அடித்தேன். கையில் அதிர்வே இல்லாமல், டொக்கென்று சுத்தமான சத்தம். அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். வீட்டுக்காரர் டீயை மறந்து எழுந்து நின்றுவிட்டார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன், பந்துகள் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தன. வந்துவிட்டது, கடைசியில் கை வந்துவிட்டது என்று கத்தினேன்.

வெயில் ஏறியது. பனி விலகி மலை மெல்ல வெளியே வந்தது. அடுத்த பந்து உருண்டது. அதற்கு அடுத்தது மண்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னொண்ணு அடி" என்றார். அடித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"மட்ட கீழ வர்றதுக்குள்ள உன் கண்ணு மேல போயிடுது. மலையப் பாக்கறே. வாய் வேற முணுமுணுங்குது."

"நானா? எங்க பாத்தேன்?"

"மலை தெரிஞ்சா நீ காலி."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உடம்பு இது. பஸ் கிளம்பினால் மலையைப் பார்ப்பேன். ஊசி போட்டால் ஜன்னல் வழியாக மலையைத் தேடுவேன். மகளின் பரீட்சை முடிவு வந்த அன்று மொட்டைமாடியில் மலையைப் பார்த்து நின்றபடிதான் போனைக் காதில் வைத்தேன். பலத்தையெல்லாம் திரட்டி ஒரு காரியம் செய்யும்போது கண் தானாக அங்கே போகிறது. நான் போகச் சொல்லவில்லை.

"அடிக்கிறதுக்கு முன்னாடி கும்புடு, அடிச்சப்புறம் கும்புடு. நடுவுல வாணாம். சாமி கோச்சுக்காது" என்றார் அவர்.

முன்னால் கும்பிட்டேன். பின்னாலும் கும்பிட்டேன். நடுவிலும் கண் போனது. சில நாள் பிடித்து நிறுத்தினேன், சில நாள் முடியவில்லை. போனில் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க மலையே கெடையாதும்மா. நீ தைரியமா வா" என்றாள். நானும் அதை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

பெங்களூரில் அந்த மைதானம் பச்சைப் போர்வை விரித்த மாதிரி இருந்தது. தொப்பி போட்ட அம்மாக்கள், கையுறை மாட்டின அப்பாக்கள். நான் மகள் வாங்கித் தந்த சுடிதாரும் ஷூவுமாக நின்றேன். ஷூவுக்குள் விரல்கள் அடைபட்டுக் கிடந்தன. எங்கள் முறை வந்தது. அவள் பந்தை வைத்துவிட்டு நகர்ந்தாள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நிமிர்ந்தேன். எதிரே ஒரு கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் வெறும் வானம். மலை இல்லாவிட்டால் தலை நிமிராது என்று கணக்குப் போட்டேனே தவிர, மலை இல்லாவிட்டால் ஆரம்பிக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை. மட்டை கையில் கனத்தது. யாரோ இருமினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மகள் வந்தாள். காற்றில் பறந்த என் துப்பட்டாவை இழுத்துப் பின்னால் முடிந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அவளுக்கும் பயம். என்னால் வந்த பயமில்லை, எனக்காக வந்த பயம். அந்த வித்தியாசம் பெற்றவளுக்குத் தெரியும்.

"ம்மா, தோத்தா தோத்துட்டுப் போறோம். நீ அடி" என்றாள் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தோக்கறதுக்காடி பஸ் ஏறி வந்தேன்? தள்ளு அந்தாண்ட" என்றேன்.

அவள் தள்ளி நின்றாள். நான் பந்தைப் பார்த்தேன். தோளைத் திருப்பினேன், மட்டை பின்னால் போனது, அதே வழியில் இறங்கியது. டொக்கென்ற அந்தச் சத்தம் கேட்டது. கையில் அதிர்வே இல்லை. பந்து இருந்த இடத்தில் புல் லேசாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தபடியே நின்றேன். மேலே பார்க்க அங்கே எனக்கு என்ன இருக்கிறது? எல்லோருமாகக் கத்தினார்கள்.

"எங்கடி போச்சு?" என்று குனிந்தபடியே கேட்டேன்.

தலையைத் தூக்கினேன். எனக்கு நேர் எதிரே அவள் நின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணெல்லாம் நீராக, குதித்துக்கொண்டிருந்தாள். பந்து நேராகப் போனது, தூரமாகப் போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் அடித்த நல்ல அடி அதுதான், அதை நான் பார்க்கவில்லை. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அவள் மேலதிகாரி போலிருந்த ஒருவர் கை கொடுக்க வந்தார். "எங்கம்மா, சார். திருவண்ணாமலைலேருந்து வந்திருக்காங்க" என்று அவள் என் தோளில் கை போட்டுச் சொன்னாள். அவர் கேட்கவேயில்லை, இவளாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னாள். அவர்களுக்கு அடுத்து நின்றவர்களிடமும் சொன்னாள்.

அடுத்த பந்து அவள் அடிக்க வேண்டும். நடந்து போய் நின்றாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. வீசின மட்டை பந்தை விட்டுவிட்டுப் புல்லைப் பெயர்த்தது.

"தலையத் தூக்காதடீ!" என்று கத்திவிட்டேன். ஆபீஸ் குரல் அப்படியே வந்துவிட்டது. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். "நீ சும்மா இரும்மா, எனக்குத் தெரியும்!" என்று என்னைவிடச் சத்தமாக, அத்தனை பேர் முன்னாலும் திருப்பிக் கத்தினாள். இந்தப் பெண்ணுக்கு என் குரல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.