கிளாங் மாப்பிள்ளை செய்த சாமி மேடை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்யும் லோகேஸ்வரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொல்லலாம், ஆகவில்லை என்றும் சொல்லலாம். சென்ற ஆண்டே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. தாலி இன்னும் ஏறவில்லை. இங்கே மலேசியத் தமிழர்களிடையே இது சாதாரணம். முதலில் ரெஜிஸ்டர், கையில் காசு சேர்ந்த பிறகு கோயில், மேளம், விருந்து. அதுவரை சட்டப்படி கணவன் மனைவியானவர்கள் ஆளுக்கொரு வீட்டில் இருப்பார்கள். மாப்பிள்ளை வருவார், சாப்பிடுவார், விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவார்.

திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து, செந்தூலில் லோகேஸ்வரி குடும்பத்தின் ஃபிளாட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் எனக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று.

"விசா மாதிரிதாக்கா," என்று லோகேஸ்வரி விளக்கினாள். "அப்ரூவல் வந்துருச்சு. ஸ்டிக்கர் இன்னும் ஒட்டல."

என் விசா புதுப்பிப்பு இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய கணவன் கார்த்திகேசு கிளாங்கில் பெற்றோருடன் இருக்கிறான். மேருவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அதிகம் பேசமாட்டான், ஆனால் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆடுகிற நாற்காலியையோ ஒழுகுகிற குழாயையோ சரிசெய்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுவான்.

கையெழுத்துப் போட்ட அன்றே இருவரும் ஒன்றைத் தீர்மானித்தார்கள். கல்யாணத்துக்குக் கடன் வாங்குவதில்லை. கோயிலில் தாலி, கோயில் மண்டபத்திலேயே சாப்பாடு, எல்லாம் சொந்தச் சம்பளத்தில். இதற்குக் காரணம் லோகேஸ்வரியின் அக்கா விஷ்ணுப்ரியா. அவளுக்குப் பெரிய மண்டபம் எடுத்து, மேடையில் புகை விட்டு, ஊரையே கூட்டி டின்னர் வைத்தார்கள். அவள் மகள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கடன் இன்னும் தீரவில்லை. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வருகிறது என்று அதை அலமாரிக்கு மேலே போட்டுவைத்திருக்கிறார்கள்.

"ஆல்பத்த ஒளிச்சு வைக்கிற கல்யாணம் எனக்கு வேணாம்," என்பாள் லோகேஸ்வரி.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் படுகிற பாடு இருக்கிறதே! மதியத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வாழையிலைச் சாப்பாட்டு மணம் வீசும்போது இவள் மருத்துவமனையின் பின்னறையில் வீட்டு டப்பாவைத் திறப்பாள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குக் கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவாள். காய்கறிக்காரர் அவள் தலையைக் கண்டதுமே மிச்சத்தை ஒரே பையில் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை மல்லிகைக்கு மட்டும் பேரம் பேசமாட்டாள். "அது செலவு இல்லக்கா. அது முகம்."

இதற்கெல்லாம் குறுக்கே நின்றவர் அவளுடைய அம்மா பவுனம்மாள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"ஊர்ல ஒரு கல்யாணம் விடாம போயி சாப்பிட்டு வந்திருக்கேன். எல்லாரையும் நானும் ஒரு நாள் கூப்பிடணும்ல? கோயில் மண்டபத்துல பாதி பேருகூட உக்கார முடியாது."

அவருடைய அண்ணன் தம்புசாமி, கிளாங்கில் ஒரு பெரிய மண்டபத்தை வைகாசிக்குப் பேசி வைத்திருந்தார். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு மண்டபக்காரர்கள் ஊருக்குப் போவதால் பிப்ரவரி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். எடுத்தால் கடன் நிச்சயம்.

அதற்கு முந்தின நாள் காதலர் தினம். பவுனம்மாள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"போன வருசமும் பூ இல்ல. கடலை மிட்டாய் டின்னுல போன் ஸ்டாண்டு செஞ்சு குடுத்தாரு. பொண்டாட்டிக்கு ஒரு பூ வாங்கக் கை வராதவரு கல்யாணத்துக்கு அப்புறம் அரிசி வாங்குவாரா? சனிக்கிழமை மாப்ள என்னா கொண்டு வராருன்னு பாத்துட்டு அண்ணனுக்குப் பதில் சொல்றேன்."

"அம்மா, பூவுக்கும் மண்டபத்துக்கும் என்னா சம்பந்தம்?"

"ரெண்டும் கைதான். நீளுதா, மடங்குதா."

லோகேஸ்வரிக்கும் கார்த்திகேசுவுக்கும் இடையே பரிசுக்கு ஒரு விதி உண்டு. பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து ரிங்கிட்டுக்கு, மேல் போகக் கூடாது. கொடுப்பது அலமாரியில் நிற்காமல் தினமும் புழங்க வேண்டும். அம்மாவின் பேச்சுக்குப் பயந்து இந்த வருடம் விதியைத் தளர்த்தலாமே என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு இப்படிப்பட்ட நேரங்களில் பணிந்துவிடத்தான் தோன்றும்.

"இந்த வருசந்தாக்கா தளர்த்தவே கூடாது," என்றாள்.

அவள் செய்தது இது. மழை பெய்யும்போது குடையோடு வரும் நோயாளிகள் மழை விட்டதும் குடையை மறந்துவிட்டுப் போவார்கள். பல்வலி போன சந்தோஷத்தில் யாருக்குக் குடை நினைவு? உடைந்து, யாரும் கேட்டு வராமல், மருத்துவமனை மூலையில் கிடந்த குடைகளை டாக்டரிடம் கேட்டு வாங்கித் துணியைப் பிரித்தெடுத்தாள். கார்த்திகேசுவின் மோட்டார் சைக்கிள் கிடங்கு வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். வேலை முடிந்து ஈர சீட்டில் உட்கார்ந்து வீடு போகிறவனுக்கு அந்தத் துணியில் ஓர் உறை. மதிய ஓய்வில் கையாலேயே தைத்தாள்.

உடன் வேலை செய்யும் அஃப்ரின் விடவில்லை. "என்னா லோகேஸ், ஒரு பக்கம் பேங்க் விளம்பரம், ஒரு பக்கம் இன்சூரன்ஸ் விளம்பரம்? உன் ஆளு மோட்டார்ல போறாரா, எலெக்‌ஷனுக்கு நிக்கிறாரா?"

"நனையாம போவாரு. அது போதும்லா."

"எனக்கு இப்படி ஒண்ணு குடுத்தா நான் அந்த ஆள உறைக்குள்ள போட்டுத் தச்சிருவேன்!"

சனிக்கிழமை மதியம் கார்த்திகேசு வந்தான். மோட்டாரின் பின்னால் ஒரு கட்டுப் பலகை. கிளாங்கிலிருந்து ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் பாதையில் அதைச் சாயாமல் கொண்டுவந்த பதற்றம் முகத்தில் தெரிந்தது. லிஃப்ட் பழுது. நானும் லோகேஸ்வரியும் ஆளுக்கு இரண்டு பலகை சுமந்து ஏறினோம்.

கூடத்தில் அவன் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கியதும் உருவம் புரிந்தது. சாமி மேடை. மேலே வளைவு, நடுவே படம் வைக்கும் தட்டு, கீழே விளக்குக்கு இழுக்கும் பலகை. தங்கள் வீட்டுக்குள் போகிற முதல் சாமான் சாமி மேடையாக இருக்க வேண்டும் என்று லோகேஸ்வரி எப்போதோ சொன்னதை அவன் மறக்கவில்லை. கிடங்குகளில் சாமான் அடுக்கப் பயன்படும் பேலட்டுகள் உடைந்தால் வெளியே போட்டுவிடுவார்கள். அந்த மரத்தை இழைத்துத் தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தான். வார்னிஷுக்கும் திருகாணிக்கும் சேர்த்தே பத்து வெள்ளி ஆகவில்லை.

லோகேஸ்வரி வளைவைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே ஓடிப்போய் உறையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிரித்து, தையலைத் திருப்பிப் பார்த்து, "டபுள் தையலா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஊரெல்லாம் ரோஜா, இங்க குடை," என்று பவுனம்மாள் முனகினார். ஆனால் கண் மேடையின் மேலேயே இருந்தது. "மாப்ள, இது கடையில வாங்குனா பெரிய விலை இல்ல?"

"ஆமா அத்த."

"கை வேலை நல்லாத்தான் இருக்கு."

லோகேஸ்வரி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

பவுனம்மாள் மடக்கிய காலோடு தரையில் உட்கார்ந்து, மேடையின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்தார். துணி நின்றது.

"தம்பி."

மாப்ள போய்த் தம்பி வந்துவிட்டது. கார்த்திகேசு திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இது என்னா?"

பின்பலகையில், வார்னிஷுக்கு அடியில், வெளிறிய சிவப்பில் ஒரு கொம்பு தெரிந்தது. பக்கத்தில் பாதி அழிந்த மலாய் எழுத்துகள். டாகிங். பிறகு ஓர் இடைவெளி. கெர்பாவ். உறைந்த எருமை இறைச்சியை இறக்கிவைக்கும் குளிர்கிடங்கின் முத்திரை.

"பக்கத்துக் கிடங்கு பேலட்டு அத்த," என்றான். "எங்க கிடங்கு பலகை ஒண்ணு கொறஞ்சுச்சு. நல்லா தேச்சேன். போயிருச்சுன்னு நெனச்சேன். வார்னிஷ் பட்டதும் திரும்பி வந்துருச்சு போல."

"மாட்டுக் கறி ஏத்துன பலகையில மாரியாத்தாள உக்கார வைப்பியா?"

"எருமை அத்த..."

"வாய தொறக்காத!"

அந்த ஒரு பலகையைக் கடையில் வாங்கியிருந்தால் பத்து வெள்ளி தாண்டியிருக்கும். தாண்டக் கூடாது என்ற பிடிவாதத்தில் அவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். பவுனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அழுகிறாரா, கோபத்தில் மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இதுக்குத்தான் சொன்னேன். சாமிக்கே இப்படின்னா வர்ற சனத்துக்கு என்னா போடுவீங்க? நான் அண்ணனுக்கு இப்பவே போன் பண்றேன். மண்டபம் எடுத்தாச்சு."

கார்த்திகேசு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னான்.

"எடுத்துடுங்கத்த. நான் லோன் போட்டுடுறேன். மண்டபம், டின்னர், எல்லாம் நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்."

"கார்த்தி," என்றாள் லோகேஸ்வரி.

"தப்பு என்னோடதுதான லோகேஸ். விடு. ரொம்ப வருசத்துக்குக் குடுப்பாங்க. மாசா மாசம் புடிச்சுக்குவாங்க. தெரியாமலே போயிடும்."

பவுனம்மாளின் கையில் போன் ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது.

லோகேஸ்வரி அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பலகை தப்பு. அம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு, நானும் சேந்து விழறேன். ஆனா பலகைக்கு அபராதமா மண்டபம் புக் பண்ண மாட்டோம். அம்மா, நீங்க மண்டபத்துக்குச் சரின்னு சொன்னீங்கன்னா வைகாசியில எனக்குத் தாலி வேணாம். நான் காத்திருந்து என் காசுல பண்ணிக்கிறேன். இவரு லோன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா அப்பவும் வேணாம்."

போனில் தம்புசாமி மாமாவின் குரல் கேட்டது. "அலோ? பவுனு? என்னா முடிவு?"

பவுனம்மாள் கார்த்திகேசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சொன்ன? கடைசியா?"

"என்னா அத்த?"

"தெரியாமலே போயிடும்னு சொன்னியே."

"ஆமா... மாசா மாசம் போறது..."

"மூத்த மாப்ளயும் இதே கூடத்துல நின்னு இதையேதான் சொன்னாரு. வார்த்தை மாறல." அவர் குரல் இறங்கியது. "தெரியாமலே போயிடுமாம். போன வாரம்கூட ப்ரியா போன்ல அழுதா."

"அலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணே." பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த மண்டபத்த விட்டுடு."

"என்னா பவுனு, அவன் நமக்காக நிறுத்தி வச்சிருக்கான்லா!"

"கார் நிறுத்த எடமே இல்லயாம்ல அங்க? ஆளுங்க பெருநாள் நேரத்துல எங்க போயி நிறுத்துவாங்க?"

"கல்யாணம் வைகாசியில! அதுக்கும் பெருநாளுக்கும்..."

"எடம் சரியில்லண்ணே. கோயில்லயே வச்சுக்குறோம். ஆனா யாரையும் விட மாட்டேன், எல்லாரையும் கூப்பிடுவேன். பந்தி பந்தியா உக்காந்து சாப்பிடட்டும். அந்தக் காலத்துல அப்படித்தான சாப்பிட்டோம்? மொத பந்திக்கு நீ வந்து நில்லு."

மறுமுனையில் மாமா ஏதோ கத்தினார். பவுனம்மாள் போனை வைத்துவிட்டார்.

லோகேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த நொடியே கவலையும் வந்தது. "அம்மா, எல்லாரையுமா?"

"எல்லாரையும். சோறு நான் ஆக்குறேன். பள்ளிக்கூடத்துக்கே ஆக்குனவ நானு." பவுனம்மாள் மேடையைச் சுட்டினார். "இத மொதல்ல கழட்டுங்க. ஒரு பலகைகூட உள்ள இருக்கக் கூடாது. சாமிக்குப் புது மரம் நான் வாங்கித் தரேன். சாமிகிட்ட பத்து வெள்ளிக் கணக்கு பாக்காதீங்க."

"இந்தப் பலகைய என்னா செய்யுறது அத்த?" என்று கார்த்திகேசு தயங்கிக் கேட்டான்.

"வாசல்ல செருப்பு எறஞ்சு கெடக்குது. கண்ணு தெரியலயா மாப்ள?"

மாப்ள திரும்பி வந்ததைக் கேட்டதும் அவன் அவசரமாகத் தரையில் உட்கார்ந்தான். லோகேஸ்வரி திருப்புளியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வளைவ நான் கழட்டுறேன். கீறல் விழாம எடுத்தா அது மட்டும் கண்ணாடிக்கு மேல வச்சுக்கலாம். அது உங்க கிடங்கு மரம்தான? சத்தமாச் சொல்லு, அம்மா காதுல விழற மாதிரி."

"எங்க கிடங்குதான்," என்றான் அவன், சத்தமாக. "பிஸ்கட்டு வந்தது."

"எந்தப் பிஸ்கட்டு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சைவம்தாத்த!"

லோகேஸ்வரி முதல் திருகாணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.