சேஷாத்ரி எடுத்த குளத்தங்கரைப் படம்

போன வாரம் ஆபீஸுக்குக் கிளம்பி ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியிருந்தபோது தபால்காரர் ஒரு கார்டை நீட்டினார். மூலையில் கறுப்புத் தடவியிருந்தது, சாவுச் சேதி. கும்பகோணம் முத்திரை. ஊரிலுள்ள கிழங்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் படித்தேன். சேஷாத்ரியின் பெயர் இருந்தது. மறுபடியும் படித்தேன். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். படித்ததும் கிழித்துப் போட வேண்டிய கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிராம் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன்.

பவானிபூர் மெஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது இந்த ஊரில் இருக்கிறோம். உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? கணக்கு ஆபீஸில் என்னோடு குமாஸ்தாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் காமிரா, முக்காலி, கறுப்புத் துணி சகிதமாகக் கிளம்பிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேளையோடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு தடவை நாங்கள் இருவரும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மனைவி மாயவரத்தில் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். மாமனார் அவளை அனுப்ப மாட்டேனென்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரெல்லாம் மீன் வாடையாமே, அங்கே எங்கள் பெண் எப்படி மூச்சு விடுவாள் என்று எழுதினார். கங்கை இருக்கிறது, கோயில் இருக்கிறது, நம் மனுஷர்கள் இருக்கிறார்கள், மீனைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்று நான் பக்கம் பக்கமாகப் புளுகிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. ஐப்பசிக்குள் மனசுக்குத் திருப்தியாக ஏதாவது தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம், அதற்கும் இஷ்டமில்லையென்றால் பெண் எங்களோடேயே இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு கடிதம் வந்தது. 

சேஷாத்ரி அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கடுதாசி யார் வேணும்னாலும் எழுதலாம் ஓய். படம் எடுத்து அனுப்புவோம்" என்றார். நல்ல இடமாகப் பார்த்து என்னை நிற்க வைத்து எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரியம் என்றுதான் நினைத்தேன். நாலு ஞாயிறு ஆயிற்று. ஒரு பெரிய பட்டணத்தில் பார்வையாக ஒரு இடம் கண்டுபிடிப்பது இத்தனை குழப்பமான வேலை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் வங்காளி தெரியாது. வழியில் போகிறவரை நிறுத்தினால் எங்கே போக வேண்டும் என்று கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இருந்தால்தானே! அழகான இடம் என்று சேஷாத்ரி கையை விரித்து அபிநயம் பிடிப்பார். ஒருவர் மியூசியத்துக்குக் கை காட்டினார், இன்னொருவர் மைதானத்துக்கு. சட்டையும் வேட்டியும் சலவை மடிப்புக் கலையாத ஒரு பாபு, நேராக எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். சந்தேஷ் என்று ஒரு பால் இனிப்புக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, தன் தகப்பனாரை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார். தின்ற வாயால் எப்படி மறுப்பது? படம் பிடிக்கிற கண்ணாடித் தகடுகளில் ஒன்று அந்தப் பெரியவருக்குப் போயிற்று.

கங்கைக் கரைக்குப் போனோம். நான் படியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்ட சமயத்தில் பின்னால் ஒரு படகு வந்து கூடை கூடையாக மீனை இறக்கிற்று. காளிகோயிலுக்குப் போனோம். வாசலில் ஆட்டுக்குட்டிகள் மாலை போட்டுக்கொண்டு நின்றன. மாயவரத்தில் இதைப் பார்த்தால் என்ன ஆகுமென்று நினைத்துப் பார்த்தேன். முக்காலியை விரிக்காமலே திரும்பினோம்.

மூன்றாவது ஞாயிறு வழி தவறி ஒரு சந்துக்குள் நுழைந்தபோது சேஷாத்ரி சட்டென்று நின்றார். சின்னக் குளம், நாலு பக்கமும் தென்னை, கல் படிக்கட்டு, ஒரு சிவன் கோயில். மாயவரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது மாதிரி இருந்தது. ஆனால் உச்சி வெயில் ஏறிவிட்டது, வெளிச்சம் சரியில்லை, அடுத்த வாரம் காலையில் வரலாம் என்று அவர் நோட்டுப் புத்தகத்தில் அடையாளம் குறித்துக்கொண்டார். என்ன அடையாளம் தெரியுமா? "வெள்ளைப் பசு படுத்திருக்கும் முக்கில் இடது கைப் பக்கம்." அடுத்த ஞாயிறு பசு அங்கே படுத்திருக்குமா? விடிந்ததிலிருந்து பவானிபூரில் இருக்கிற அத்தனை முக்கிலும் பசுவைத் தேடினோம். வெள்ளைப் பசுக்களுக்குப் பஞ்சமில்லை, குளத்தைத்தான் காணோம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என் குடித்தனமே ஒரு பசுமாட்டை நம்பி நிற்கிறதே என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வழி தெரிஞ்சவன் தெருவைப் பாக்கறதே இல்லை ஓய். நமக்குத் தெரியலை, அதனால பாக்கறோம்" என்றார். எனக்கு அது ஒரு சமாதானமாகவே படவில்லை.

கடைசியில் ஒரு குளம் கிடைத்தது. அதே குளம்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். தென்னை இருந்தது, படிக்கட்டு இருந்தது, கோயில் வேறு மாதிரி இருந்தது. மேகம் கவிந்துகொண்டு வந்தது. பெட்டியில் இருந்தது ஒரே ஒரு தகடு. கடையிலும் சரக்கில்லை, கப்பல் வந்தால்தான் உண்டு. நான் குளத்துக்கு முதுகைக் காட்டி, விபூதியோடும் சரிகை அங்கவஸ்திரத்தோடும் நின்றேன். அவர் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எடுத்தார்.

படம் கழுவி வந்தபோது பார்க்க வேண்டுமே! தென்னை அழகு, தண்ணீர் அழகு, நான்கூடச் சுமாராக இருந்தேன். என் இடது தோளுக்குப் பின்னால், கீழ்ப்படியில் ஒரு அம்மாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒரு முழ நீள மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

காமிராக் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தான் தெரியும் என்பார்கள். அதனால் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். "தலைகீழாப் பாத்தா மீனும் வாழையிலை மாதிரிதான் இருக்கு" என்றார். பார்த்தாரா, பார்க்கவில்லையா? அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போகட்டும், தகட்டில் அந்த மூலையைக் கத்தியால் சுரண்டிவிட்டால் படத்தில் அது கறுப்பாக விழுந்துவிடும், மரத்து நிழலென்று சொல்லிக்கொள்ளலாம், சுரண்டிக் கொடும் என்று கெஞ்சினேன். முடியாதென்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"இதைச் சுரண்டிடலாம். நாளைக்கு அந்தப் பொண்ணு ரயிலை விட்டு இறங்கி நிக்கறச்சே எதைச் சுரண்டுவீர்?"

படத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல சிநேகிதன் என்று நம்பினேன், குடியைக் கெடுத்துவிட்டான் என்று நான் மனசுக்குள்ளேயே பொருமினேன். அந்தப் பத்து நாள்தான் நாங்கள் பேசாமல் இருந்தது. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. இங்கே மீன் உண்டு, தெருவுக்குத் தெரு உண்டு, படத்திலேயே இருக்கிறது பாருங்கள், எங்கள் மெஸ்ஸிலும் எனக்குப் பார்த்து வைத்திருக்கிற வீட்டிலும் மட்டும் இல்லை என்று நாலு வரி எழுதி, படத்தை வைத்து அனுப்பினேன். வேலையை விடுவதற்கு என்ன மாதிரி எழுத வேண்டுமென்றும் யோசித்து வைத்துக்கொண்டேன்.

மாமனாரின் பதில் வந்தது. முன்னால் எழுதின கடிதங்களில் மீனே இல்லாதபடியால் மற்ற எதையும் நம்ப முடியவில்லை, இப்போது மீனை நீரே காட்டிவிட்டபடியால் வீடும் கோயிலும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும், தையில் அழைத்து வருகிறேன் என்று எழுதியிருந்தார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு சேஷாத்ரியின் அறைக்கு ஓடினேன். அவர் படித்துவிட்டு, காப்பி சாப்பிட்டீரா என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவும் விடவில்லை. பிறகு அவர் ஊர்ப்பக்கமே மாற்றலாகிப் போய்விட்டார்.

கார்டு வந்த அன்று என் மனைவியிடம் சொன்னேன். இடுப்பில் சொருகின முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் இருக்கிற ஊர் என்று தெரிந்து வந்ததனால்தான் என்னால் இருக்க முடிந்தது என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று என் மேஜைமேல் ஒரு கடிதம் பாதி எழுதிக் கிடந்தது. என் மூத்த பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம். பையனைப் பற்றி விசாரித்தவரைக்கும் ஒரு குறை இல்லை. பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பாட்டு, சமையல், படிப்பு எல்லாம் எழுதியிருந்தேன். குழந்தையில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது காது போய்விட்டதை எழுதவில்லை. பேசினால் யாருக்கும் தெரியாது, வருகிறவர்களை அவளுக்கு இடது பக்கமாக உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருந்தோம்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வேறு எழுதினேன். முதல் வரியிலேயே காதைப் பற்றி எழுதி, என் மனைவியிடம் படித்துக் காட்டி, நானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். சேஷாத்ரி என்னிடம் விட்டுப் போனது இதுதான். இது சரியா, பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் இன்னும் வரவில்லை.