ஜாம் போத்தலில் கரையாத மண்

ஞானஸ்நானத்தின்போது பாதர் வைத்த பெயர் றிச்சர்ட். ஆனால் பதினொரு வருடமாக அந்தத் தோட்டத்தில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணிக்குச் சொல்கிற 'சாயத்தண்ணி' என்ற பெயரைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். லிந்துலை டவுனில் மரக்கறி வாங்கும் ஹமீத் நானாகூடப் போனை எடுத்தால் "என்னா சாயத்தண்ணி, லீக்ஸ் வெட்டியாச்சா?" என்றுதான் தொடங்குவார்.

பெயர் வைத்தவள் டோரீன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பரா. இடையில் ஒரு சுவர்தான். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் றிச்சர்ட் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கைகூப்புவான். அவள் பக்கம் திரும்பவேண்டி வரும்போது மட்டும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். பதினொரு வருடமும் அந்தக் கயிறு சரியாக அதே நேரத்தில்தான் அவிழ்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். எட்டுக் காம்பரா லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மேடு. அதில் நின்ற டர்பன்டைன் மரங்களைத் தோட்டம் வெட்டி விற்றுவிட்டது. வெறும் மேட்டை எட்டு வீட்டுக்காரர்களும் எட்டுத் துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். றிச்சர்ட் ஆள் உழைப்பாளி. தன் துண்டில் கிடந்த அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தான், மானாப்புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தான், மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு லீக்ஸ் நட்டான். மழை வந்தது. பாத்தியில் இருந்த மண் பாதி இறங்கி, மேட்டு ஊற்றிலிருந்து ஊரே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்துவிட்டது. பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டார்கள்.

"மழை பெஞ்சா மண்ணு கரையாம என்னா செய்யும்? ஒங்க மண்ணெல்லாம் சிமெந்தா?" என்றான் றிச்சர்ட்.

டோரீன் உள்ளே போனாள். இரண்டு ஜாம் போத்தலோடு வந்தாள். இரண்டிலும் தண்ணீர். அவனுடைய துண்டிலிருந்து ஒரு மண்கட்டி, தன் துண்டிலிருந்து ஒன்று. இரண்டும் வெயிலில் காய்ந்தவை, ஒரே அளவு. எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடிப்பதற்குள் றிச்சர்டின் கட்டி உதிர்ந்து, பொரிந்து, தண்ணீரையே சிவப்பாக்கிவிட்டது. அவளுடையது அடியில் முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு.

"ஊத்திக் குடிங்கடி. சாயத்தண்ணி ரெடி. சீனி மட்டுந்தான் போடணும்" என்றாள்.

சிரித்தார்கள். றிச்சர்டின் பெண்சாதி டெல்சியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

டோரீன் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. பொல்பிட்டியப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். பத்து வயதில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், அவர்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுபோனது. இவ்வளவு மழையில் பீலி நிற்பதாவது, இலை அடைத்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே அவளுடைய அம்மா மேட்டில் ஏறினாள். மேடுதான் இறங்கி வந்தது. அம்மா வரவில்லை. இதை டோரீன் யாரிடமும் அழுது சொன்னதில்லை. அடைமழை நாளில் பீலிக்குப் போகிற பெண்களிடம், "தண்ணி வருதா? எந்த நெறத்துல வருது?" என்று கேட்பாள். கிறுக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அனாதையாகச் சித்தி வீட்டுக்கு வந்து, பதினெட்டு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தாள். முதல் வேலை சுரண்டி பிடித்துப் புல் சுரண்டுவது. தேயிலைக்கு இடையில் ஒரு புல் நிற்கக்கூடாது, அடி மண் மினுங்க வேண்டும், அதுதான் அன்றைக்கு நல்ல வேலை. பன்னிரண்டு வருடம் சுரண்டினாள். "கறுப்பா இருந்த மலையைச் செவப்பாக்கினது இந்தக் கைதான். தோலை உரிச்சிருக்கேன்" என்று கையைத் திருப்பிக் காட்டுவாள். புருஷன் கஸ்பர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். மகள் சுதர்ஷினி கொழும்பில் கார்மெண்ட் வேலை. பென்சன் எடுத்த பிறகு டோரீனுக்கு அந்த மேடுதான் வீடு, வாசல், கோயில் எல்லாம்.

வாய் மட்டும் சரியில்லை. மீன் தலையை வெளியே எறிந்தால் சண்டை, சாம்பலைத் தண்ணீர் ஓடுகிற கானில் கொட்டினால் சண்டை. எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுக்க வேண்டும். மாட்டுச் சாணி, கவ்வாத்துக் குச்சி, அடுப்புச் சாம்பல், காய்ந்த மானாத் தாள் என்று அடுக்கடுக்காகக் குழியில் போட்டுச் சாக்கால் மூடுவாள். மூன்று வாரத்துக்கு ஒருதரம் மண் கிளறுகிற இரும்பு முள்ளால் குத்திப் புரட்டுவாள். குளிர்காலைகளில் அந்தக் குழியிலிருந்து ஆவி எழும்பும். மேட்டில் ஏதோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

வெட்டிய மரத்தின் கட்டைகளை அவள் தோண்டவில்லை. அவை உள்ளே உக்கி வேர்கள் ஒவ்வொன்றாகப் பொந்தாகிப் போவதற்கு முந்தி, மேட்டைக் குறுக்கே கட்டின மாதிரி நான்கு வரிசை மானாப்புல் நட்டாள். எருவை அந்தப் புல்லின் காலடியில் மட்டும்தான் போடுவாள்.

"எரு சோறு மாதிரி, வேரு வாய் மாதிரி. வாயில்லாதவன் முன்னால சோத்தைக் கொட்டி என்னா பிரயோசனம்? பெய்யிற தண்ணியையெல்லாம் குடிச்சிட்டு ஊதிப்போயிக் கெடக்கும். நிக்கத் தெரியாது." இது றிச்சர்டுக்குக் கேட்க வேண்டுமென்றே அவன் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னது.

போன மாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு மகள் கொழும்புக்குக் கொண்டுபோனாள். கிளம்பும்போது வேனுக்குள்ளிருந்து டெல்சியிடம், "கோழிக்குத் தீனி போடு" என்றாள். பின்னால் நின்ற றிச்சர்டைப் பார்த்து, "நீ மண்ணைத் தொடாத" என்றாள். அவன் அதுவரை அந்த நினைப்பே இல்லாமல்தான் நின்றான். ஊர் முன்னால் கள்ளன் மாதிரி ஒரு சொல். திரும்பினால் பெட்டியில்தான் திரும்புவாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு சனிக்கிழமை. பட்டப்பகலில்தான் றிச்சர்ட் அவளுடைய எருவை எடுத்தான், கேட்டால் அவள் சொல்லிவிட்டுப் போனாள் என்று சொல்லத் தயாராக. மூன்று எருக்குழியும் காலி. போதவில்லை. மேல் வரிசை மானாவின் முதுகில் பதினொரு வருடம் சேர்ந்து நின்ற கறுப்பு மண் முழங்கால் ஆழம் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் புல்லை அறுக்க வேண்டும். முள்ளுக்கு மசியவில்லை. கோடரி எடுத்தான். வேர் கை நீளத்துக்கு, நூலும் கயிறுமாக, மண்ணைப் பிடித்த பிடியை விடாமல் வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மேட்டுக்குள்ளே எங்கோ 'டொம்' என்று ஒரு சத்தம். வெறும் பானையைத் தட்டின மாதிரி. அவன் நிறுத்திக் கேட்டான். பிறகு வெட்டினான். இருபத்தாறு பை அவன் பாத்திக்குப் போனது. அறுத்த புல்லை அதே இடத்தில் நட்டமாகச் செருகிவிட்டு வந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகத்தான் தெரிந்தது.

அந்தப் போகம் லீக்ஸ் மணிக்கட்டுப் பருமன்.

"என்னா மருந்து அடிச்சீங்க?" என்றார் ஹமீத் நானா.

"மருந்தில்ல நானா. மண்ணு."

அவள் பெட்டியில் வரவில்லை. ஐப்பசியில் நடையாக வந்தாள். நடை வாசல் வரைக்கும்தான். மேட்டில் ஏற முடியாது. பின் சன்னலில் உட்கார்ந்தால் கீழ் வரிசை புல் மட்டும் தெரியும்.

"மேல் வரிசை எப்புடி இருக்கு?" என்று டெல்சி மூலம் கேட்டு அனுப்பினாள்.

"இருக்குன்னு சொல்லு" என்றான் றிச்சர்ட்.

பிறகு மழை பிடித்தது. ஒன்பது நாள். ஐந்தாம் நாள் அவனுடைய மேல் பாத்தியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. புது எரு அமுங்குகிறது என்று மண்ணைத் தள்ளி மூடினான். ஏழாம் நாள் அதே இடத்தில் கை நுழைந்தது. மறுபடி மூடினான். காலை வைத்தால் கணுக்கால் வரை போனது, தூக்கினால் அந்தக் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி நிறைந்தது. பொதபொதவென்று, அடுப்பிலிருந்து இறக்கின களி மாதிரி. நல்ல மண் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான். வேறு எதையும் நினைக்க அவனுக்கு விருப்பமில்லை.

ஒன்பதாம் நாள் பகல், கடைசிக் காம்பரா பொன்னையாவின் பின்கதவு திறக்கவில்லை. நிலை சாய்ந்து கதவை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஈரத்துல பலகை ஊதிப்போச்சு" என்றான் பொன்னையா.

சன்னலிலிருந்து டோரீனின் குரல் வந்தது. "பலகை ஊதல. சாயத்தண்ணியோட மண்ணு எறங்கி நிலையைத் தள்ளுது."

றிச்சர்டுக்குத் தலைக்கேறியது. விறுவிறுவென்று மேட்டில் ஏறித் தன் பாத்தியிலிருந்து ஒரு கட்டி எடுத்தான். அடுப்படியில் ஒரு ஜாம் போத்தல். தண்ணீரை நிரப்பிக்கொண்டு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அவளுடைய காம்பராவுக்குள் நுழைந்தான். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், வீங்கின கால் தலையணை மேல்.

"பாருங்க. நல்லாக் கண்ணைத் தெறந்து பாருங்க" என்று கட்டியைப் போட்டான்.

கட்டி அடியில் போய் உட்கார்ந்தது. கரையவில்லை. ஒரு அருள்நிறைந்த மரியே ஆயிற்று, இன்னொன்றும் ஆயிற்று. தண்ணீர் தெளிவாகவே நின்றது. றிச்சர்டுக்கு நெஞ்சு விம்மியது. இதை லயமே பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"இப்ப சொல்லுங்க டோரீனக்கா. எங்க சாயத்தண்ணி?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "வெளிச்சத்துல தூக்கிப் புடி" என்றாள்.

தூக்கினான். சன்னல் வெளிச்சத்தில் கட்டியின் ஓரமெல்லாம் மயிர் மாதிரி வேர் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் போத்தலுக்குள் கைவிட்டுக் கட்டியை எடுத்தாள். பிட்டாள். நடுவில் ஒரு தடித்த வேர்த்துண்டு. அதன் நுனியைப் பெருவிரலால் தடவினாள்.

"கோடரியா?"

அவன் போத்தலைக் கீழே வைத்தான்.

"இது கீரையில்ல, லீக்ஸும் இல்ல. மானா வேரு. லீக்ஸ் பாத்திக்குள்ள மானா வேருக்கு என்னாடா வேலை? இது என் மண்ணு. எந்த வரிசை?"

"மேல் வரிசை."

"எம்புட்டு தூரம்?"

"...முழுசும்."

"எப்ப?"

"நீங்க கொழும்புல இருக்கப்ப. நீங்க வரமாட்டீங்கன்னுதான் எல்லாரும்..."

"இருக்குன்னு சொல்லி அனுப்பினியே." அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அந்த வரிசைக்கு மேலதான்டா பழைய கட்டையெல்லாம். உள்ள வேரு உக்கிக் கொழாய் கொழாயா நிக்கிது. மேல விழுற தண்ணி அந்தக் கொழாயில எறங்கி ஒன் பாத்திக்கு வருது. புடிச்சுக்கிட்டு இருந்தது அந்தப் புல்லு ஒண்ணுதான். ஒன் பாத்தியில வெடிப்பு இருக்கா?"

"மூடிட்டேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

வாசலில் டெல்சி வந்து நின்றாள். கையில் வாளி. இருவரையும் ஒரே அறையில் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு றிச்சர்டிடம், "இங்கயா இருக்கீங்க? பீலி நிண்டுபோச்சு. சொட்டுத் தண்ணி இல்ல. இந்த மழையில பாருங்களேன். எலை அடைச்சிருக்கும், போய் எடுத்துவிடுங்க" என்றாள்.

வெளியே மழை விட்டுத் தூவானமாகியிருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. டோரீனின் கையிலிருந்த மண் போர்வையில் விழுந்தது.

"யாரும் மேட்டுக்குப் போவாதீங்க" என்றாள். குரல் பத்து வயதுப் பிள்ளையுடையது போல மெலிந்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டெல்சி, நீ புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு நட. வாளியைப் போட்டுட்டுப் போ."

டெல்சி புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்ன இருந்ததோ, வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

"நான் ஒங்களைத் தூக்குறேன்" என்றான் றிச்சர்ட். குனிந்து கையைக் கொடுத்தான். அவள் தட்டிவிட்டாள்.

"என்னைக் கடைசியாத் தூக்கலாம். ஏழு காம்பராவுல ஆளிருக்கு."

"போய் மழைன்னு சொல்லுறேன். மண்சரிவுன்னு..."

"சொன்னா எந்திரிப்பாங்களா?"

எழும்ப மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். இரண்டு வருடத்தில் மூன்று தடவை மண்சரிவு அபாயம் என்று லயத்து ஆட்களையெல்லாம் ஸ்கூலுக்கு அனுப்பினார்கள். மூன்று தடவையும் மேடு அசையவில்லை. திரும்பி வந்தால் கோழியைக் காணோம், காஸ் சிலிண்டரைக் காணோம். இனிச் செத்தாலும் காம்பராவை விட்டு இறங்குவதில்லை என்று முதலில் சொன்னது பொன்னையா. இரண்டாவதாகச் சொன்னது றிச்சர்ட்.

பின்சுவரில் ஏதோ உரசியது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது.

டோரீன் அவனிடம் கேட்ட கடைசி வேலை இதுதான்.

"றிச்சர்ட்டு" என்றாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர். "மழைன்னு சொல்லாத, மேடுன்னு சொல்லாத. நீ என்னா செஞ்சேன்னு சொல்லு. கோடரியைச் சொல்லு, இருக்குன்னு பொய் சொன்னதைச் சொல்லு, வெடிப்பை ரெண்டு தடவை மூடினதைச் சொல்லு. ஒனக்கு இருக்கிற ரோசத்துக்கு நீ அதைச் சும்மா சொல்லமாட்டேன்னு இந்த லயத்துக்கே தெரியும். அதைக் கேட்டா எந்திரிப்பாங்க. பொன்னையா வீட்டுலருந்து ஆரம்பி. முன்வாசலால போ. ஒரு வீட்டையும் விட்டுறாத."