டிஸ்கெட்டில் ஒட்டிய பொட்டு

இன்று காலை மடிக்கணினியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நின்றது. உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது என்றது. கீழே மூன்று கட்டங்கள், மூன்று காவல்காரர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் பெட்டியை ஓரமாக நகர்த்தினேன். உங்களுக்கும் இது நடந்திருக்கும். கணினி உள்ளுக்குள் சூடாகி, வெந்த தூசியின் வாசனையை மெல்ல விட்டது. அவ்வளவுதான், நான் மலேசியாவின் கோலா சிலாங்கூருக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் கடைசி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்து, கடைவீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து அக்காவும் நானும் இருந்தோம். எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் சட்டையில் வேகவைத்த பழத்தின் வாடை போகாது. அக்கா வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்தாள். கிள்ளானில் ஓர் அலுவலகம் தூக்கிப் போட இருந்த கணினியை வாங்கி, ஜன்னலோரம் வைத்து, தலையணை உறையால் போர்த்தியிருந்தாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நினைவு வைத்துக்கொள்ள அதற்கென்று சொந்தத் தலை கிடையாது. எல்லாம் உள்ளங்கை அகல டிஸ்கெட்டுகளில்தான். எங்களைப் போலவே மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்ந்த எந்திரம் அது.

ஜன்னலுக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் அக்காவின் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். குனிந்து தலை சீவும்போது சில நாள் அவளுடைய சிவப்புப் பொட்டு என் நெற்றியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அழகாகத்தான் இருந்தேன்.

ஒரு காலையில் அஞ்சலை வந்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அக்காவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள். கையில் ஒரே ஒரு பை. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய கறுப்புப் பொட்டு. முகம் கழுவும்போதுதான் தெரிந்தது, அதன் அடியில் காயம் இருந்தது. புருஷன் செய்தது. பொட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தவள், பஸ் வருகிற அவசரத்தில் அதை மறந்துவிட்டு, திறந்த காயத்தோடு போய்விட்டாள். போகுமுன் அக்காவின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தாள். ரவாங்கில் எங்கோ ஒரு வீட்டின் விலாசம்.

“யாருக்கும் சொல்லாதக்கா. எழுதியும் வைக்காத. அவன் வந்து தேடுவான்.”

அக்கா அதை டிஸ்கெட் ஒன்றில் தட்டச்சு செய்துவிட்டு, சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். “காயிதத்த எவனும் படிப்பான். இதப் படிக்க அவனுக்கு எங்க தெரியும்லா?” என்றாள். பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுக்கே ஓர் இரும்புப் பெட்டகம் வந்துவிட்ட மாதிரி.

அவன் வந்தான். தேநீர் கேட்டான். குடித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தான்.

“இவ்ளோ பெரிய பொட்டு யாருது?”

“என்னுதுதான். ஏன், நான் வைக்கக்கூடாதா?” அக்கா அதை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். அவன் படியிறங்கிய பிறகு, அந்தப் பொட்டை உரித்து டிஸ்கெட்டின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டின் மேல் ஒட்டி மடித்தாள். அந்த வெட்டை மூடிவிட்டால் அதில் யாரும் எதையும் புதிதாக எழுத முடியாது. அதற்கென்று வந்த வெள்ளி நிறத் துண்டுகள் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன.

சில நாள் கழித்துத் திரையில் ஒரு புள்ளி வந்தது. எழுத்துகளுக்கு நடுவே சாய்வாக ஓடி, ஓரத்தில் முட்டி, திரும்பி ஓடியது. ஆற்றங்கரை மரத்திலிருந்து ஒரு மின்மினி வழிதவறி உள்ளே புகுந்துவிட்டது போல. நான் வேலைக்குப் போவதை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வைரஸுடா அது. ரசிச்சிக்கிட்டு நிக்கிற!” என்றாள் அக்கா. டிஸ்கெட் விட்டு டிஸ்கெட் தாவுகிற நோய். அஞ்சலையின் டிஸ்கெட்டை அவள் அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள்.

அந்த வாரமே அஞ்சலையின் புருஷன் மறுபடி வந்தான். “ரவாங்ல ஒரு பேக்டரி வாசல்ல பாத்ததா சொல்றாங்க. ஞாயித்துக்கிழம போறேன்” என்றான். அவளுக்கு உடனே எழுதியாக வேண்டும். அக்காவுக்கு ஊர் தெரியும். தெருவும் வீட்டு எண்ணும் டிஸ்கெட்டில். நோய் பிடித்த எந்திரத்தில் அதைப் போட அவளுக்குத் துணிவில்லை.

நோய்க்கு மருந்து தேடி அலைந்தேன். இரண்டு கிடைத்தன. கிள்ளானில் ஒரு கணினிக் கடையில் பதினெட்டு வெள்ளிப் பணத்துக்கு ஒரு டிஸ்கெட். அது இந்தப் புள்ளியை மட்டும்தான் விரட்டுமாம். ஆலையில் என்னோடு வேலை செய்த நஸீர் சும்மா கொடுத்தது இன்னொன்று, எல்லாவற்றையும் கொல்லுமாம். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அக்கா வாழைப்பழம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரு கையில வாங்கின?”

“கடையில, ஒரு சீனப் பொண்ணு.”

“இது?”

“நம்ம நஸீரு குடுத்தான்க்கா.”

“அப்ப அதப் போடு. தெரிஞ்ச கை.”

லயத்தில் குழம்பு, மருந்து, செய்தி எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். நானும் தலையாட்டினேன். பெரிய நிபுணன் நான்.

நஸீரின் டிஸ்கெட் ஓடியது. எல்லாம் சுத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. புள்ளி மறைந்தது. அரிசி மாவு ஒட்டியிருந்த அஞ்சலையின் டிஸ்கெட்டைத் துடைத்துப் போட்டோம். விலாசம் வந்தது. அக்கா பேனாவைத் தேடித் திரும்பினாள்.

அப்போது ஓர் எழுத்து கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதத்தில் காட்டுக்குள் நின்றிருக்கிறீர்களா? காற்றே இருக்காது, ஆனாலும் விழும். அப்படி விழுந்தன. தெருவின் பெயர் விழுந்தது, வீட்டு எண் விழுந்தது. திரையின் அடியில் பச்சைச் சருகு குவிந்தது. அக்கா சுவிட்சை அடித்து அணைத்தாள். “போச்சுடா. அஞ்சல போயிட்டா” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

நஸீரைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு யாரோ, அந்த யாரோவுக்கு இன்னொருவர். அத்தனை தெரிந்த கைகள் மாறி வந்ததில், மருந்துக்குள்ளேயே வேறு நோய் ஏறியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் கிள்ளானுக்குப் போனோம். கடைப்பெண் டிஸ்கெட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். பொட்டைத் தொட்டு, “இனி பாகூஸ்” என்றாள் மலாயில். இது நல்லதாம்; இது மூடியிருந்ததால் நோய் உள்ளே ஏறவில்லையாம். விழுந்தது திரையில் இருந்த எழுத்து மட்டும்தான். தன் எந்திரத்தில் போட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். வெளியே வரும்போது தெரியாத அந்தக் கையை அக்கா பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

கடிதம் எழுத நேரமில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உதடுகள் அசைய அசைய விலாசத்தைச் சொல்லிக்கொண்டே அவள் ரவாங் போகும் வழியைக் கேட்டுப் புறப்பட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, சோறு இருக்கா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு போனவன் வெறுங்கையோடு வந்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் உறை. அனுப்பியவர் பெயரும் இல்லை, கடிதமும் இல்லை. வெள்ளைத் தாளின் நடுவே ஒரு பொட்டு. சின்னது, சிவப்பு. அக்கா அதைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

அந்த மாடி இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். டிஸ்கெட் என்னிடம்தான் இருக்கிறது, கறுப்புப் பொட்டோடு. அதைப் படிக்கும் எந்திரம் எங்கும் இல்லை. படித்தாலும் அந்த விலாசத்தில் அவள் இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். கணினிக்கு வைரஸ் மருந்து மூன்று இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டேன்.

“யாரு கையில குடுக்கறாங்க?” என்றாள்.

பெட்டியை மறுபடி இழுத்துப் பார்த்தேன். கை எதுவும் இல்லை.