ஃபெரியில் எனக்கு எட்டுக் குரல்

ஃபெரியில் கூப்பாடு போடுவது லேசான தொழில் என்று நினைப்பவர்கள், ஒரு நாள் காலை பினாங்குத் துறையில் நின்று, நாலு பாஷைக்காரர்களை ஒரே பலகை வழியாக ஏற்றிப் பார்க்கட்டும். பட்டர்வொர்த்துக்குப் போய்வந்து, கூடையில் இடிபட்டு, காலில் மிதிபட்டு, கரிப்புகை தின்ற உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? உங்களை முதுகில் தள்ளி உள்ளே ஏற்றிய பயல் நான்தான். வயது பதினாறு.

சீன முதலாளி தவுக்கே, துரை, தோட்டத்துக் கங்காணி, யார் குரலானாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் மறுநாள் என் தொண்டையில் குடிவந்துவிடும். மொத்தம் எட்டு கைவசம். அதற்காகத்தான் வேலையே கொடுத்தார்கள். இது போனால் ஆயர் ஈத்தாமில் சித்தப்பாவின் தேங்காய்க் கடைதான் என்று அப்பா முடிவு பண்ணி வைத்திருக்கிறார். நாள் முழுக்க மட்டை உரிக்கணும். தேங்காயோடு எந்தக் குரலில் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்!

சேலைக்குள் சேவல்

கோழி, வாத்து எல்லாம் பின்பக்கம் போகணும், பயணிகளோடு உட்காரக்கூடாது. இது ஃபெரிச் சட்டம். சுங்கை பாக்காப் தோட்டத்து அக்கா ஒருத்தி பெண்கள் பகுதியில் ஒரு சேலை மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். மூட்டைக்கு மூக்கு இருந்தது. அதுவும் கூரான மூக்கு.

பெண்கள் பகுதிக்குள் போய் மூட்டையைப் பிரி என்று சொல்ல முடியுமா? கதவோரம் நின்று சேவல் மாதிரி ஒரே ஒரு தடவை கூவினேன். மூட்டை சும்மா இருக்குமா? சவாலுக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துச் சேவல் என்று நினைத்து, சேலையைக் கிழித்துக்கொண்டு பதில் கூவியது. அக்கா அசரவில்லை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்: "இது என்னோட சேவல்தான் தம்பி, ஒத்துக்கறேன். முதல்ல கூவினது யாரோடது? அதையும் பின்பக்கம் கட்டு!"

ராவுத்தர் போய்ச் சேர்ந்த ஊர்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தருக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். ஏறியதும் முகத்தில் கைக்குட்டையைப் போட்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். பட்டர்வொர்த் துறையில் மணி அடித்தால்தான் கைக்குட்டை விலகும். ஒரு நாள் பினாங்குத் துறையில் கட்டிய கயிறு கட்டியபடியே இருக்க, ஃபெரி அலையில் கொஞ்சம் ஆடியது. என் தொண்டை அரித்தது. பட்டர்வொர்த் மணியை அப்படியே வாயால் அடித்தேன்.

ராவுத்தர் எழுந்தார். குடை, துணிக்கட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பலகையில் விறுவிறு என்று இறங்கினார். நாலடி நடந்தவர் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, பட்டர்வொர்த்லயும் நம்ம ஊரு மாதிரியே மணிக்கூண்டு கட்டிட்டானா?"

காப்பிக் கோப்பையோடு சாரங்

எங்கள் ஃபெரியை ஓட்டுகிற சாரங், பாக் மாட். இருபது வருஷம் தமிழரோடு வேலை செய்ததில் தமிழிலேயே திட்டுவார். "லெப்பாஸ்!" என்று அவர் கத்தினால் கயிற்றை விடணும். கயிற்றுக்காரர் திரும்பிப் பார்ப்பதே இல்லை; காதில் விழுந்தால் கை அவிழ்த்துவிடும். கீழே எஞ்சின் அறையில் முத்து அண்ணனும் அதே ரகம். பித்தளைக் குழாய் வழியாகச் சாரங்கின் குரல் வராமல், சாமியே வந்து சொன்னாலும் கைப்பிடியைத் தொடமாட்டார்.

அன்றைக்குப் பாக் மாட் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா, சத்தியமாகச் சும்மா, அவர் மாதிரி ஒரு இருமல் இருமி "லெப்பாஸ்!" என்றேன். கயிறு போய்விட்டது. நீரோட்டம் எங்களை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. நூறு பயணிகளும் நானும் கரையைப் பார்த்தோம். கரையில் பாக் மாட் கோப்பையோடு எங்களைப் பார்த்தார். சம்பான் படகு பிடித்து வந்து ஏறியவர் கையில் கோப்பை அப்படியே இருந்தது. சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சொன்னார்: "என் குரல் இன்னொரு தடவை உன் வாயில வந்துச்சு, நீ கரையில இறங்கி நின்னுக்க லா, ஏறவே வேணாம்!"

நல்ல பிள்ளை

அப்புறம் மூன்று வாரம் என் சொந்தக் குரலில் மட்டும் பேசினேன். கண்ணுக்கு முன்னால் தேங்காயாக உருண்டது. ராவுத்தர்தான் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்துக் கவலைப்பட்டார்: "தம்பி, நீ ஏதாவது சேட்டை பண்ணு; உன்னைத் திட்டிக்கிட்டே வந்தாத்தான் எனக்குத் தலை சுத்தாது."

கொஸ்தான்

தைப்பூசத்தன்று பட்டர்வொர்த் கரையிலிருந்து தோட்டத்து ஜனம் முழுக்கப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பியது. காவடியும் பால்குடமுமாக ஃபெரி நிரம்பி வழிந்தது. முதல் நாளெல்லாம் கூட்டத்தை அதட்டி அதட்டிப் பாக் மாட்டின் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருந்தும் குழாயில் வாயை ஒட்டவைத்து, மிச்சமிருந்த குரலை ஊதி ஊதி ஓட்டினார். பினாங்குத் துறை பக்கம் வந்தபோது, அரிசி மூட்டை ஏற்றிய தொங்கான் சரக்குப் படகு ஒன்று எங்கள் மூக்குக்கு நேரே குறுக்கே வந்தது. பாக் மாட் சுக்கானைத் திருப்பிக்கொண்டே குழாயில் வாய் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் காற்று. முன்னால் நின்ற பெண்கள் பால்குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "முருகா!" என்று அலறினார்கள். எஞ்சின் பாட்டுக்கு முன்னால் ஓடியது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிடரியைப் பிடித்து என் வாயைக் குழாயில் அழுத்தினார். ஒரு இருமல் இருமி, "கொஸ்தான்! கொஸ்தான் லா!" என்று அவர் குரலிலேயே கத்தினேன். பின்னால் போ என்று அர்த்தம். ஃபெரி உடம்பெல்லாம் நடுங்கிப் பின்வாங்கியது. தொங்கான் ஒரு முழ இடைவெளியில் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு பால்குடம்கூடச் சிந்தவில்லை. அதற்கப்புறம் அன்று முழுக்க, பாக் மாட் கையைக் காட்ட, நான் பாக் மாட்டாகவே கத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இருமலோடு.

சாயங்காலம் முத்து அண்ணன் கரியும் வியர்வையுமாக மேலே ஏறி வந்தார். அவர் பாக் மாட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "சாரங், இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க சொன்னது ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேட்டுச்சு!"

பாக் மாட் இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை, என்னைக் கரையில் இறக்கவும் இல்லை. ஆக, அடுத்தவர் குரல் எட்டும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்க, என் சொந்தக் குரல் மட்டும்தான் ஃபெரியில் ஓசிப் பயணம் செய்கிறது.